கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு: வெளிநாட்டு ஆய்வுப் பதவிகளும் நமது பல்கலைக்கழகங்களும்

2025 செப்டெம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி ஸ்கொடொவ்ஸ்கா கியூரி ஆய்வுப் புலமைப்பரிசிலுக்கு வந்துசேர்ந்த விண்ணப்பங்கள் 17 ஆயிரத்தைத் தாண்டின. அதற்கு முந்தைய ஆண்டில் அவை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டியிருந்தன. கலாநிதிப் பட்டம் முடித்தவர்கள் இரண்டு ஆண்டுகள் வரை ஐரோப்பாவில் ஆய்வு செய்வதற்கான திட்டம் இது. ஒரே ஆண்டில் இப்படி ஏறியதற்கு ஒரு காரணம் அமெரிக்கா. அங்கே பல்கலைக்கழகங்களுக்கான அரச ஆய்வு நிதி வெட்டப்பட்டதும், வெளிநாட்டவருக்கான விசா விதிகள் இறுகியதும் ஆய்வாளர்களை வேறு திசை பார்க்க வைத்தன. அதே செப்டெம்பரில் புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டொலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்னதாக, மே மாதத்தில், உலகின் ஆய்வாளர்களைத் தன் பக்கம் இழுக்க ஐரோப்பிய ஒன்றியம் 50 கோடி யூரோ ஒதுக்குவதாகச் சொல்லியிருந்தது.

வொஷிங்டனிலும் பிரசல்ஸிலும் நடக்கும் இவற்றுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். போர் முடிந்த பின்னர் வளர்ந்த ஒரு தலைமுறை இப்போது கலாநிதிப் பட்டத்தோடு நிற்கிறது. யாழ்ப்பாணம், வவுனியா, வந்தாறுமூலை, திருகோணமலை ஆகிய இடங்களில் அவர்களைக் காணலாம். சிலர் நிரந்தர விரிவுரையாளர்கள். சிலர் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் தற்காலிக நியமனத்தில் இருப்பவர்கள். வேறு சிலர் பட்டத்தை மடித்து வைத்துவிட்டு அரச அலுவலகங்களில் கோப்புப் பார்ப்பவர்கள். இவர்களுக்கு அடுத்த படி வெளிநாட்டு ஆய்வுப் பதவிதான். அந்தப் படியில் இப்போது நெரிசல் கூடியிருக்கிறது. பொஸ்டனிலோ கலிபோர்னியாவிலோ இருந்தவர்களும் அதே வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

நான் வடக்கில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சில ஆண்டுகள் ஐரோப்பிய ஆய்வுகூடம் ஒன்றில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இந்தப் பதவிகளை எப்படித் தேடுவது என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையும், சொல்லி முடித்த பின் எனக்குள் எஞ்சும் கேள்வியையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

இது படிப்பல்ல, வேலை

முதலில் தெளிவாக வேண்டியது இதுதான். கலாநிதிப் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு என்பது இன்னொரு பட்டம் அல்ல. பரீட்சை கிடையாது, பட்டமளிப்பு விழா கிடையாது. பெரும்பாலான இடங்களில் நீங்கள் ஊழியர். சம்பளம், ஒப்பந்தம், சமூகக் காப்புறுதி எல்லாம் உண்டு. ஓர் ஆய்வைத் தனியாகத் திட்டமிட்டு, நடத்தி, எழுதி முடிக்கக்கூடியவர் என்பதை உலகுக்குக் காட்டும் காலம் அது. விஞ்ஞானத்திலும் மருத்துவத்திலும் இந்தக் காலத்தைக் கடக்காமல் ஒருவர் தன் பெயரில் ஆய்வுக் குழு அமைப்பது இன்று மிகக் கடினம்.

ஆகவே இதைத் தேடும் முறையும் பட்டப்படிப்பைத் தேடும் முறை அல்ல. இரண்டு வழிகள் உண்டு. ஒரு பேராசிரியரிடம் ஏற்கெனவே நிதி இருக்கும். அவர் ஆளைத் தேடி விளம்பரம் செய்வார். ஐரோப்பிய ஆணையத்தின் யுராக்செஸ் இணையத்தளத்தில் இத்தகைய விளம்பரங்கள் நாள்தோறும் வருகின்றன. பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. இது முதலாவது வழி. இரண்டாவது, உங்கள் பெயருக்கே நிதி தேடிக்கொண்டு போவது. மரி கியூரி, ஜேர்மனியின் ஹம்போல்ட், யப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். போன்றவை இந்த வகை.

இரண்டாவது வகையிலும் ஒரு மனிதர் வேண்டும். ஹம்போல்ட் மன்றத்துக்கு விண்ணப்பிக்க, உங்களை ஏற்றுக்கொள்வதாக ஜேர்மனியில் உள்ள ஓர் ஆய்வாளர் எழுதித் தர வேண்டும். யப்பானின் திட்டத்தில் விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பதே அங்குள்ள ஆய்வாளர்தான். மரி கியூரியில் நீங்களும் உங்களை வேலைக்கு அமர்த்தும் நிறுவனமும் சேர்ந்தே விண்ணப்பிக்கிறீர்கள். விளம்பரம் எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதரை அறிந்திருப்பது சிலருக்கு மட்டுமே வாய்க்கிறது. கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த மாணவருக்கு அந்த மனிதர் பக்கத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் மாணவருக்கு அவர் கட்டுரையின் அடியில் உள்ள ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டுமே.

போர் எடுத்துக்கொண்டது

போர் நம்மிடமிருந்து எடுத்தவற்றைக் கணக்கிடும்போது உயிர்களையும் காணிகளையும் வீடுகளையும் சொல்கிறோம். அந்த வரிசையில் நாம் அதிகம் சொல்லாத ஒன்று, ஆய்வாளர்களுக்கிடையிலான தொடர்பு. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது வெளிநாடுகளில் கற்றுத் திரும்பியவர்கள் அங்கு கற்பித்தார்கள். அவர்களின் ஆசிரியர்கள் பிரித்தானியாவில் இருந்தார்கள். கடிதப் போக்குவரத்து இருந்தது. ஒரு மாணவரை அனுப்ப ஒரு கடிதம் போதுமாக இருந்தது.

பின்னர் 1981இல் நூலகம் எரிந்தது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லாமல் ஆய்வுகூடக் குளிரூட்டியை இயக்க முடியாது. மின்கலமும் எரிபொருளும் தடைப்பட்டியலில் இருந்த நாளில் இரசாயனப் பொருட்களைத் தருவிப்பது பற்றி யார் யோசிக்க முடியும்? 1995இல் நகரமே இடம்பெயர்ந்தது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மீண்டும் மூடப்பட்டது.

ஆட்களையும் இழந்தோம். லிவர்பூலில் உயர்கல்வி கற்று, போர் நடந்துகொண்டிருந்தபோதே யாழ்ப்பாணம் திரும்பி, மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கிய ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக்கொல்லப்பட்டார். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சிவசுப்பிரமணியம் ரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15 அன்று கொழும்பில் ஒரு விஞ்ஞான மாநாட்டுக்குச் சென்றிருந்தபோது காணாமலாக்கப்பட்டார். ஒரு பேராசிரியர் போகும்போது அவருடைய நாற்பது ஆண்டுத் தொடர்புகளும் அவரோடு போய்விடுகின்றன. இன்று ஒரு மாணவர் தனக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத உலகம் அறிந்த மூன்று பேரைத் தேடும்போது படும் பாடு இங்கிருந்து தொடங்குகிறது.

அதற்காக வாசல் அடைபட்டுவிட்டது என்று சொல்லவில்லை. அறிமுகக் கடிதம் இல்லாத இடத்தில் அறிமுகத்தை நாமே உண்டாக்க வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் எடுக்கும். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு மூன்று வாரங்கள் முன்னர் தொடங்கினால் முடியாது. ஓர் ஆண்டு முன்னர் தொடங்க வேண்டும்.

எப்படித் தேடுவது

உங்கள் ஆய்வுக்கு நெருக்கமான பத்துக் கட்டுரைகளை எடுங்கள். அவற்றை எழுதியவர்களில் ஐந்து பேரைத் தெரிவுசெய்யுங்கள். அவர்களின் அண்மைய கட்டுரைகளை உண்மையாகவே வாசியுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவருடைய எந்தக் கட்டுரை, அதில் எந்த இடம், அது உங்கள் வேலையோடு எங்கே சேர்கிறது, நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள், எந்தத் திட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பன போதும். நமது பழக்கத்தில் கடிதத்தின் முதற்பாதி முழுவதும் மரியாதையாகவே போய்விடும். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பும் பழக்கமும் உண்டு. பெயரை மட்டும் மாற்றிய கடிதத்தை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுகொள்கிறார்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரங்களில் ஒரு முறை நினைவூட்டலாம். அதன் பிறகும் வராவிட்டால் அடுத்தவரிடம் போங்கள். உங்கள் தகுதிக்கு அளிக்கப்பட்ட தீர்ப்பாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காலக்கணக்கையும் கவனியுங்கள். இத்திட்டங்களில் பல உங்கள் வயதைப் பார்ப்பதில்லை. பட்டம் பெற்ற திகதியிலிருந்து எத்தனை ஆண்டு என்றே பார்க்கின்றன. ஹம்போல்டின் இளைய ஆய்வாளர் பிரிவுக்கு நான்கு ஆண்டுகள், யப்பானுக்கு ஆறு, மரி கியூரிக்கு எட்டு ஆண்டுகள் என்பது இதுவரையான வழமை. விதிகள் மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவித்தலை வாசித்தே முடிவெடுக்க வேண்டும். இடப்பெயர்வாலும் முகாம் வாழ்வாலும் நாற்பது வயதில் கலாநிதியானவருக்கு இந்த விதி சாதகமானது. ஆனால் பட்டத்தை வாங்கிவிட்டு நியமனத்துக்காகக் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கணக்கில் கழிகிறது. நம்மவர் பலர் காத்திருந்தே அந்த ஆண்டுகளைத் தொலைக்கிறார்கள். நோய், மகப்பேறு போன்ற இடைவெளிகளை மரி கியூரி கணக்கிலிருந்து நீக்குகிறது. அதை ஆவணத்தோடு கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அது கிடைப்பதில்லை. மிகக் குறைந்த புள்ளி பெறும் விண்ணப்பத்துக்கு மறு ஆண்டில் தடை வரக்கூடும் என்பதால், போட்டுப் பார்ப்போம் என்று அரைகுறையாக அனுப்புவதும் ஆபத்து.

போர்க்காலத்தை விண்ணப்பத்தில் எழுதுவதா என்று பலர் கேட்கிறார்கள். எழுதுங்கள். ஆனால் திகதியோடு, ஓரிரு வரியில் எழுதுங்கள். 2008 முதல் 2010 வரை இடப்பெயர்வினால் கல்வி தடைப்பட்டது என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்கு விளங்கும். பட்டியலில் தெரியும் இடைவெளிக்கு அது விடை. அனுதாபத்தைத் தேடி இரண்டு பக்கம் எழுதினால் உங்கள் ஆய்வுக்குரிய இடம் குறைந்துவிடும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. நமது பல்கலைக்கழகங்களுக்குள் நுழைவோரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் பெண்கள். இந்தப் படிக்கு வரும்போது அந்த எண்ணிக்கை மெலிந்துவிடுகிறது. திருமணம், குழந்தை, வயதான பெற்றோர், போரில் துணையை இழந்த தாய் என்று காரணங்கள் நமக்குத் தெரியும். ஷ்லம்பெர்கர் மன்றத்தின் ‘ஃபகல்டி ஃபோர் தி ஃபியூச்சர்’ திட்டம் வளரும் நாடுகளின் பெண் விஞ்ஞானிகளுக்கும் பொறியியலாளர்களுக்கும் மட்டுமே உரியது. மரி கியூரியில் குடும்பத்துக்கான கொடுப்பனவு உண்டு. பிள்ளையோடு போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். முடியாது என்று வீட்டில் முடிவெடுக்கும் முன் விதிகளை ஒருமுறை வாசியுங்கள்.

உயிராபத்தில் இருக்கும் கல்வியாளர்களுக்கென வேறு அமைப்புகள் உண்டு. நாஸிகளிடமிருந்து தப்பியோரைக் காக்க 1933இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட, இன்று காரா என அறியப்படும் அமைப்பு அவற்றுள் பழையது. அது உண்மையான அச்சுறுத்தலை எதிர்கொள்வோருக்கானது. அதைச் சாதாரண வேலைவாய்ப்புக் கதவாக நினைத்துத் தட்டினால், நாளை உண்மையாகவே தேவைப்படும் நம்மவருக்கு அந்தக் கதவு கடினமாகும்.

பணம் கேட்பவர்களைக் கண்டால் விலகுங்கள். நான் இங்கு சொன்ன எந்தத் திட்டத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. இடம் எடுத்துத் தருகிறோம் என்று இலட்சங்கள் கேட்கும் முகவர்கள் மாணவர் விசாவில் பழகிய கையோடு இந்தப் பக்கமும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு இரண்டு நாளில் கட்டுரை வெளியிடும் போலிச் சஞ்சிகைகளும் அப்படியே. அவற்றில் வந்த பத்துக் கட்டுரைகளைவிட நல்ல சஞ்சிகையில் வந்த ஒன்றுக்கு மதிப்பு அதிகம்.

தரவாக இருப்பதும் ஆய்வாளராக இருப்பதும்

நம்மிடம் என்ன இருக்கிறது என்று தாழ்வாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தடி நீர், அதில் கலந்த நைத்திரேற்று, சுன்னாகத்தில் கிணற்று நீரில் எழுந்த எண்ணெய்ப் பிரச்சினை, கண்ணிவெடி அகற்றிய மண்ணில் மீண்டும் பயிர் செய்தல், களப்புகள், பனை, நுண்கடன், காணி உரிமை, காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள். ஒவ்வொன்றும் உலகம் கேட்க விரும்பும் ஆய்வு. போரின் உளத்தாக்கம் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியவை வெளிநாடுகளில் எடுத்தாளப்படுவதற்குக் காரணம், அவை இங்கிருந்தே, இந்த மக்களுக்குச் சிகிச்சையளித்தபடி எழுதப்பட்டவை என்பதுதான்.

இதை வாசிக்கும் உங்களில் பலரிடம் யாரோ ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திருப்பார். 2009இல் என்ன நடந்தது, எங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள் என்று கேட்டிருப்பார். நீங்கள் சொல்லியிருப்பீர்கள். அது ஒரு நூலாகவோ கட்டுரையாகவோ வெளிவந்திருக்கும். ஒரு பிரதி கூட உங்கள் கைக்கு வந்திருக்காது. வந்தவர்களில் நேர்மையானவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் வந்ததால் வெளியே தெரிந்த உண்மைகளும் உண்டு. ஆனால் எதைக் கேட்பது, எதை விடுவது, எதை எப்படி அழைப்பது என்று தீர்மானித்தவர்கள் அவர்கள். அந்தத் தீர்மானம் எடுக்கும் இடத்தில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டுமென்றால், அவர்கள் இந்தப் படியைக் கடந்தாக வேண்டும். நீர் விடயத்திலும் அப்படியே. கிணற்று நீரைப் பரிசோதித்து, அதன் முடிவை யாருக்கும் அஞ்சாமல் சொல்லக்கூடிய, உலகம் ஏற்கக்கூடிய ஒருவர் ஊரிலேயே இருப்பதன் பெறுமதி, பிரச்சினை வந்த நாளில்தான் தெரியும்.

போனவர்கள் திரும்புவார்களா?

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. அனுப்பினால் திரும்ப மாட்டார்கள் என்கிறார்கள். 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்து, ரூபாயின் பெறுமதி சில மாதங்களில் ஏறத்தாழ அரைவாசியாக வீழ்ந்த பின் எத்தனை விரிவுரையாளர்கள் போனார்கள் என்பதை எந்தத் துறைத் தலைவரிடம் கேட்டாலும் சொல்வார். 2023இல் வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆனபோது இன்னும் சிலர் போனார்கள். ஒருவர் போனால் அவருடைய பாடத்தை மற்றவர் சுமக்கிறார். இதைக் கண்டவர்கள் கதவை இறுக்கப் பார்ப்பது இயல்பே.

ஆனால் கதவை இறுக்குவதால் ஆட்கள் நிற்கவில்லை. கற்கை விடுமுறையில் கலாநிதிப் பட்டத்துக்குப் போகிறவர் பிணைமுறி எழுதிக் கொடுக்கிறார். பட்டம் முடிந்ததும் திரும்பிக் குறித்த காலம் கடமையாற்ற வேண்டும். அந்த நேரத்தில்தான் அவருக்கு ஆய்வுப் பதவி கிடைக்கும் வயதும் வாய்ப்பும் இருக்கிறது. பிணைமுறிக் காலத்தை முடித்து, ஏழாண்டுச் சேவைக்குரிய ஆய்வு விடுமுறையை எதிர்பார்த்து நின்றால், நான்கு, ஆறு, எட்டு என்ற அந்தக் கணக்குகள் முடிந்துவிடும். போனால் பிணைமுறியை முறித்தவர், வந்தால் ஆய்வைத் தொலைத்தவர் என்ற நிலைதான் அவருக்கு. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய் என்று ஒருவரை நிறுத்தினால் பலர் போவதையே தெரிவுசெய்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் போய்வா, உன் இடம் இருக்கும், பிணைமுறிக் காலம் அதன் பிறகு தொடங்கும் என்று சொல்ல முடிந்தால் சிலராவது வருவார்கள்.

வந்தவருக்கு என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இந்த நாடு தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆய்வுக்காகச் செலவிடுவது 0.1 வீதத்தை ஒட்டியே இருந்துவருகிறது. பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் கேம்பிரிட்ஜில் கற்று 1951இல் லாகூர் திரும்பினார். பேச ஆளில்லை, வாசிக்கச் சஞ்சிகை இல்லை. மூன்றாண்டில் மீண்டும் வெளியேறினார். ஆனால் தனக்கு நேர்ந்தது பிறருக்கு நேரக் கூடாதென்று 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஒரு சர்வதேச மையத்தை உருவாக்கினார். வளரும் நாடுகளின் விஞ்ஞானிகள் சொந்த நாட்டில் வேலையை வைத்துக்கொண்டே அங்கு சில வாரங்கள், சில மாதங்கள் என்று போய்த் திரும்பும் முறை அங்கு இன்றும் உண்டு. நிரந்தரமாகப் போவதற்கும் ஒரேயடியாக இங்கே அடைபட்டுக் கிடப்பதற்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

புலம்பெயர்ந்த நம்மவர்களுக்கும் இதில் இடமுண்டு. ஹார்வர்டிலும் ரொறன்ரோவிலும் தமிழ் இருக்கை அமைக்க உலகத் தமிழர் பணம் திரட்டினார்கள். ரொறன்ரோவுக்கு மட்டும் 30 இலட்சம் டொலர் சேர்ந்தது. அந்த முயற்சி பெருமைக்குரியது. அதே ஒழுங்கோடு, திரும்பி வரும் ஓர் ஆய்வாளருக்கு முதல் மூன்று ஆண்டுகள் கருவிக்கும் ஓர் உதவியாளருக்கும் பணம் தரும் சிறு நிதியம் ஒன்றை ஏன் அமைக்கக் கூடாது? இருக்கைக்குத் தேவைப்பட்டதன் சிறு பங்கு போதும். பணம் இல்லாதவர்களும் ஒன்று செய்யலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு மாணவரின் ஆய்வுத் திட்டத்தை வாசித்துத் திருத்திக் கொடுத்து, பொருத்தமான ஒருவருக்கு ஓர் அறிமுக மின்னஞ்சல் எழுதட்டும். போர் அறுத்த தொடர்பு அப்படித்தான் மீண்டும் முடிச்சுப் போடப்படும்.

பல்கலைக்கழகங்கள் செய்யக்கூடியவற்றுக்குப் பெரும் செலவில்லை. ஆண்டுதோறும் வரும் திட்டங்களின் முடிவுத் திகதிகளை ஒரே இடத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடலாம். போய்வந்தவர்களின் வெற்றி பெற்ற விண்ணப்பங்களையும் தோற்ற விண்ணப்பங்களையும் அவர்களின் அனுமதியோடு நூலகத்தில் வைக்கலாம். ஒவ்வொரு பீடத்திலும் ஒருவரை இதற்குப் பொறுப்பாக்கலாம். ஆய்வுப் பதவிக்கான விடுமுறையையும் பிணைமுறியையும் எப்படி இணைப்பது என்று வடக்கு கிழக்கின் பல்கலைக்கழகங்கள் கூடிப் பேசி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் ஒரு முன்மொழிவை வைக்கலாம்.

மரி கியூரி விண்ணப்பங்கள் ஆண்டுதோறும் செப்டெம்பரில் முடிவதே வழமை. அடுத்த செப்டெம்பருக்கு அனுப்ப நினைப்பவர்கள் அந்த ஐந்து பேரில் முதலாமவருக்கு இந்த மாதமே எழுத வேண்டும்.